பாதி ஸ்பாஞ்சும் பழைய போட்டோவும்

மாங்காட்டுக் காமாட்சி என் உடம்பில் இறங்குகிறாள் என்று ஒரு மாதம் முழுக்க நம்பினேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம். பிறகு வசதிப்படாது.

சாமி விஷயத்தில் எனக்கு வாய் நீளம். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி எலுமிச்சம்பழத்தோடு மாங்காட்டுக்குக் கிளம்பினால், "ஊறுகாய் போடற அளவுக்குச் சேர்ந்ததும் சொல்லு" என்கிற ஆள் நான். வயது நாற்பத்தேழு. அரசு அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழ்களுக்கு முத்திரை குத்துவது வேலை. அப்படிப்பட்டவன் ஆவடி மைதானத்தில் நாலு கிலோ இரும்புக் குண்டைக் கழுத்தோரம் அணைத்து உட்கார்ந்து, பிடரி மயிர் சிலிர்த்ததும் "வந்துட்டா" என்று முணுமுணுத்திருக்கிறேன். குண்டும் நாற்பது சென்டிமீட்டர் கூடுதலாகப் போயிருக்கிறது. நாற்பது சென்டிமீட்டர் தந்தால் நான் நாத்திகத்தையும் விடுவேன், நாற்காலியையும் விடுவேன்.

நாற்காலி என்றேன். இருபது வருடத்துக்கு முன் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு லாரிக்கும் என் பைக்குக்கும் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டில் என் முதுகுத்தண்டு நெஞ்சு உயரத்தில் முறிந்தது. அதற்குக் கீழே எனக்குச் சேதி வராது. தொடையை எறும்பு கடித்தாலும் எருமை மிதித்தாலும் ஒன்றுதான். மேலே இரண்டு கையும் வாயும் முழுசாகப் பிழைத்தன. கையை வைத்து உட்கார்ந்தபடி குண்டு எறியும் போட்டிக்குப் போனேன். வாயை வைத்து என்ன செய்தேன் என்பது பின்னால் வரும்.

மாநில அளவில் எங்கள் பிரிவில் உருப்படியாக எறிகிறவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவன் பட்டரவாக்கத்திலிருந்து பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வரும் என் நண்பன். சின்ன வயதில் போலியோ தாக்கியவன். அவன் கால்கள் எந்த வேலையும் செய்யாது, ஆனால் வலியை மட்டும் ஒழுங்காக மேலே அனுப்பிக்கொண்டிருக்கும். பயிற்சியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நெளிவான், புட்டத்தைத் தூக்கி வைப்பான், "ஒக்கார முடியல மாமே, எரியுது" என்பான். வீட்டிலிருந்து தலையணை வேறு கொண்டு வருவான். நான் அவனுக்கு மூலக்காரன் என்று பெயர் வைத்திருந்தேன்.

"ஒனக்கு இன்னா மாமே, கல்லு மாரி குந்திகினு கீற. குடுத்து வச்சவன்" என்று அவன் பெருமூச்சு விடும்போதெல்லாம், எனக்கு உண்மையிலேயே ஏதோ கொடுத்துவைத்திருக்கிறது என்று தோன்றும்.

இந்திய அணிக்கு எங்கள் பிரிவிலிருந்து ஒரே ஒருவரை எடுப்பதாகத் தகவல் வந்தது. தேர்வு ஏழு வாரத்தில், வெளி மாநிலத்தில். அடுத்த வாய்ப்பு வரும்போது எனக்கு ஐம்பது தாண்டியிருக்கும். ஐம்பதுக்கு மேல் நான் எறியக்கூடியது குப்பை மட்டும்தான். ஆகவே இதுதான் கடைசி.

உட்கார்ந்து எறிகிறவனுக்குக் குண்டைவிட முக்கியம் அவன் ஏறி உட்காரும் ஃப்ரேம். இரும்புக் குழாயில் செய்த உயரமான இருக்கை. இடுப்பையும் தொடையையும் அதில் பட்டை போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு, பக்கத்திலுள்ள கம்பியை ஒரு கையால் பிடித்து மறு கையால் எறிய வேண்டும். மேலே வைக்கும் குஷனையும் சேர்த்து உயரம் எழுபத்தைந்து சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. என் பழைய ஃப்ரேம் ஆடத் தொடங்கியதால், பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் வெல்டிங் பட்டறையில் புதிது செய்யக் கொடுத்தேன். மெட்ரோ வேலைத் தூசியில் பட்டறையும் பட்டறைக்காரரும் ஒரே நிறத்தில் இருந்தார்கள். டேப் பிடித்துப் பார்த்தால் இரும்பு மட்டும் எழுபத்திரண்டு. என் குஷன் ஆறு. ஆக மொத்தம் எழுபத்தெட்டு.

"நீ எழுதிக் குட்த்த அளவு தான் நைனா" என்றார் அவர், என் சீட்டையே எடுத்துக் காட்டி. நான்தான் குஷனைக் கணக்கில் விட்டிருந்தேன். "இப்ப இன்னா, நாலு காலையும் மூணு சென்டி அறுத்துட்டா சரியாப் பூடும். வுட்டுட்டுப் போ. லெவல் பாக்கணும், கம்பி வேற எறக்கணும். அடுத்த வாரம் வா."

"அடுத்த வாரமா? எனக்குப் போட்டிக்கு ஏழே வாரம் அண்ணாத்தே. ஒரு நாள் எறியலைன்னா கை மறந்துடும்."

"காலை அறுக்கலன்னா வேற எத அறுக்கறது?"

நான் மடியிலிருந்த குஷனைப் பார்த்தேன். இன்னொரு கணக்கும் மனதில் ஓடியது. உட்கார்ந்து எறிகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது: ஸ்பாஞ்ச் தடிமனாக இருந்தால் கையின் பலத்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். அடியில் இரும்பு கெட்டியாக இருந்தால் பலம் முழுக்கக் குண்டுக்குப் போகும். ஒரே வெட்டில் உயரமும் சரி, தூரமும் லாபம். பட்டறைக்காரரிடம் கத்தி கேட்டு, ஆறு சென்டிமீட்டர் ஸ்பாஞ்சைக் குறுக்கே கிழித்து மூன்று சென்டிமீட்டராக்கினேன். கிழித்த பாதியை அவர் ஸ்டூலுக்குக் கொடுத்தேன்.

அவருக்கு மனசு கேட்கவில்லை. "ஒனக்குக் குத்தாதா நைனா?"

"குத்தினா ஒரு லெட்டர் போடச் சொல்லு அண்ணாத்தே. எனக்கு வேற வழியில சேதி வராது."

பட்டறை முழுக்கச் சிரித்தது. கூட்டம் சிரித்துவிட்டால் நான் எதையும் யோசிப்பதில்லை. பிறவிக் கோளாறு.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உணர்ச்சி இல்லாத உடம்பை தினமும் கண்ணால் பார்த்துத்தான் காப்பாற்ற வேண்டும். ஒரே இடத்தில் அழுத்தம் இருந்தால் தோல் சிவக்கும், கவனிக்காவிட்டால் புண்ணாகும். எங்கள் அண்ணனூர் வீட்டில் இருபது வருடமாகக் காலையில் முதல் வேலை, என் மனைவி என்னைப் புரட்டிப் போட்டு ஆய்வு செய்வது. அவள் அப்பா ஆவடி தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ரத்தத்திலேயே ஊறிய தொழில். சிவப்பு தெரிந்தால் பத்து நாளைக்கு நாற்காலி கிடையாது, குப்புறப் படுக்கைதான். மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

அந்த வருடம் அவளுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் முதல் ஷிப்ட் மாற்றினார்கள். விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். ஆகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நானே போனைப் பின்னால் பிடித்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அவள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரிக்குத் தெரியாமல் திரையைக் கையால் மறைத்துப் பார்த்து, ஒரு கட்டைவிரல் அனுப்புவாள். புருஷன் பெண்டாட்டிக்குக் காலை வணக்கம் சொல்ல எத்தனையோ படம் இருக்கிறது, எங்கள் வீட்டில் இது.

புது ஃப்ரேமில் ஏறி ஒரு வாரம் கழித்து, இடது பக்கம் எட்டணா அளவுக்குச் சிவப்பு தெரிந்தது.

படத்தைப் பார்த்தேன். ஆறு வாரம் இருந்தது. அதில் பத்து நாள் குப்புறப் படுக்கை. அந்தப் பத்து நாளில் மூலக்காரன் என்னென்ன தூரம் எறிவான் என்று நினைத்தேன். முந்தைய நாள் எடுத்த, சுத்தமான படம் போனிலேயே இருந்தது. அதை அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது.

அடுத்த நாளும் அதே படம். பிறகு கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, கொஞ்சம் ஓரம் வெட்டி, ஒரு நாள் லேசாகச் சாய்த்து. ஒரே பின்புறத்தை இத்தனை கோணத்தில் யாரும் வெளியிட்டிருக்க மாட்டார்கள். தினமும் கட்டைவிரல் வந்தது. சில நாள் கழித்து நானே பார்ப்பதையும் நிறுத்திவிட்டேன். பார்த்தால் அப்புறம் தெரிந்துவிடுமே.

மூன்றாவது வாரம் மைதானத்தில் முதல் தடவை அது வந்தது. பட்டையை இறுக்கிக் கட்டி உட்கார்ந்து கால் மணி நேரம் இருக்கும். பிடரியில் சிலிர்த்தது. முகம் அடுப்பெதிரே நிற்பதுபோல் கொதித்தது. நெற்றியில் வியர்வை கொட்ட, இரண்டு பொட்டும் தவில் அடித்தன. நான் பயந்த அழகைச் சொல்லியே ஆக வேண்டும். மாரடைப்பு என்று முடிவு செய்தேன். கையிலிருந்த குண்டைக் கீழே வைத்திருக்கலாம். வைக்காமல் தூக்கி எறிந்தேன். சாகிறவன் கையில் எதற்கு நாலு கிலோ! பிறகு மனைவிக்குப் போன் போட்டேன். இருபது வருடம் என்னைப் புரட்டியவளுக்குக் கடைசி வார்த்தையாக நான் சொன்னது இதுதான்: "சிலிண்டர் புக் பண்ணிட்டேன். ஓடிபி என் போன்லதான் வரும்."

"என்னங்க உளர்றீங்க? எங்க இருக்கீங்க?"

"போயிட்டிருக்கேன்" என்றேன். எங்கே என்று சொல்ல எனக்கே தைரியம் வரவில்லை.

நண்பன் ஆட்டோ பிடித்து பக்கத்து கிளினிக்கில் கொண்டு போட்டான். படுக்க வைத்தார்கள். ஒயர் ஒட்டுவதற்குள் தவில் நின்றது, வியர்வை காய்ந்தது. எல்லாம் சரியாக இருந்தது. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றார் டாக்டர். பூரி என்றேன். வாயு என்றார். படுத்ததும் ஏன் சரியானது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வேலையிலிருந்து பாதியில் ஓடி வந்த மனைவி, நெற்றியில் வியர்வையோடு வாசலில் நின்றாள். "பூரிக்கா என்னை அம்பத்தூர்லேந்து ஓட விட்டீங்க?" என்றாள். சிரித்தோம். கட்டிலில் மல்லாந்து கிடந்த என்னை அன்று ஒரு தரம் புரட்டியிருந்தால் போதும். நான்தான் சிரிக்க வைத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டேனே.

மைதானத்துக்குத் திரும்பியபோது அந்தக் கடைசி எறியை நண்பன் அளந்து வைத்திருந்தான். எட்டு மீட்டர் எழுபது. நான் வாழ்க்கையில் எட்டு முப்பதைத் தாண்டியதில்லை.

"சாவு பயத்துல எறிஞ்சா இப்டி போவும்னா, டெய்லி ஒன்ன சாவடிக்கலாம் மாமே" என்றான்.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் அது வந்தது. வந்த நாளெல்லாம் எட்டரைக்கு மேல். வராத நாளில் பழைய தூரம். இதற்கு ஒரு காரணம் வேண்டாமா? மனைவி என் தேர்வுக்காக ஆறு ஞாயிறு எலுமிச்சை வைத்து வேண்டிக்கொண்டிருந்தாள். மாங்காட்டில் அம்மன் நெருப்பின் மேல் ஒற்றைக்கால் கட்டைவிரலில் நின்று தவம் செய்தவள். ஒரு காலுக்கே அவ்வளவு கஷ்டப்பட்டவளுக்கு இரண்டு காலும் போனவன்மேல் இரக்கம் வராதா என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். மாரடைப்புக்குப் பயந்து அலறியவன், அதே பொட்டடிப்பு வரவில்லையே என்று பயந்து மைதானத்தில் காத்திருக்கும் நிலைக்கு வந்தேன். பட்டையை இன்னும் ஒரு துளை இறுக்கினால் சீக்கிரம் வருகிறது என்றும் கண்டுபிடித்தேன்.

நண்பன் ஒரு நாள் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டான். "மாமே, தப்பா நெனைக்காத. வெளிநாட்டுல ஒன்ன மாரி முதுகு ஒடஞ்சவங்க வேணும்னே கால்ல ஊசி குத்திக்கினு, மூத்திர ட்யூப மடிச்சிக் கட்டிகினு எறிவாங்களாம். ஒடம்பு வலிய மேல சொல்ல முடியாம பிரஷர ஏத்துமாம். அதுல பலம் வருதாம். தலைல நரம்பு வெடிச்சி செத்தும் பூடுவாங்களாம். நீ எதனா..."

"பொறாமையில சாவாத மூலக்காரா" என்றேன்.

அவன் சொன்னதில் பாதியைத்தான் கேட்டேன். 'வேணும்னே' என்ற பாதி. அதில் நான் இல்லை, ஆகவே கோபம் வந்தது. உடம்பு வலியை மேலே சொல்ல முடியாமல் கத்துகிறது என்ற மறு பாதி என் காதில் விழவே இல்லை.

கடைசி வாரம் குளிர் ஜுரம். மாத்திரை போட்டுக்கொண்டேன். ரயிலில் கழிப்பறைக்கு நாற்காலி நுழையாது என்பதால் எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுபோல முந்தின நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்தி, காய்ந்து போய் ஊர் போய்ச் சேர்ந்தேன். அன்று காலையும் மனைவிக்குப் படம் போனது.

தேர்வு மைதானத்தில், பெயர் கூப்பிடும் அறையில், முதுகு முறிந்தவர்களுக்கு மட்டும் பிரஷர் பார்த்தார்கள். இளம்பெண் டாக்டர், சேலம் பக்கம், தமிழ் கேட்டதும் எனக்கு வாய் குளிர்ந்துவிட்டது. நான் ஏற்கெனவே ஃப்ரேமில் ஏறிப் பழகிவிட்டு, சிலிர்ப்போடு, சிவந்த முகத்தோடு போயிருந்தேன். என் சாதாரண பிரஷர் நூற்றைத் தொடாது. மீட்டர் நூற்றெண்பத்திரண்டு காட்டியது. பத்து நிமிடம் விட்டு மறுபடி பார்த்தார். நூற்றெண்பத்தாறு.

"இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா சார்?"

"வரணும்னுதானே மேடம் வேண்டிக்கிறது."

"வந்தா என்ன ஆகும்?"

"நாப்பது சென்டிமீட்டர் கூடப் போகும்."

நண்பன் சிரித்தான். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை, எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "நீங்க எறிய முடியாது சார்" என்றார்.

திரைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். ட்யூப் மடிந்திருக்கிறதா, கால் விரலில் ஏதாவது கட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். திருடன் மடியில் தேடுவதுபோல் இருந்தது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். விளையாட்டாகச் சொன்னேன் மேடம் என்றேன். அம்மன் என்றேன். பூரி என்றேன். வெளியே நண்பனின் பெயரைக் கூப்பிட்டார்கள், சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு நர்ஸ் என்னை ஒருக்களித்துப் புரட்டினாள். புரட்டியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டரின் குரல் மாறிவிட்டது. "சார், இது எத்தனை நாளா இருக்கு?"

"எது மேடம்?"

அவர் என் போனை வாங்கிப் படம் எடுத்து என் கையில் கொடுத்தார். இடது பக்கம் ஒரு குழி. ஓரமெல்லாம் கறுப்பு. அதற்குள் ஒரு எலுமிச்சம்பழத்தை வைக்கலாம். அழிக்காமல் வைத்திருந்த பழைய படம் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. இரண்டும் ஒரே ஆளுடையது என்று நானே சொல்ல மாட்டேன்.

புண்ணைப் பார்த்த பிறகும் டாக்டர் முதலில் எழுதியதை யாரும் அடித்துத் திருத்தவில்லை. அறைக்கு வெளியே ஒரு அதிகாரி இன்னொருவரிடம் சொன்னது திரை வழியாகக் கேட்டது. இந்தியில் சொன்னாலும் எனக்குப் புரிந்தது. புண்ணையே வேண்டுமென்று வைத்துக்கொண்டு வந்திருக்கிறான், அவனே ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டதுதானே. சாட்சிக்கு ஒரு வரிசையே சிரித்திருக்கிறது.

நண்பன் எட்டு நாற்பத்தைந்து எறிந்தான். இடையிடையே நெளிந்து, தலையணையைச் சரி செய்து, எரிகிறது என்று புலம்பி எறிந்தான். நாற்காலியை உருட்டி வந்து என் பக்கத்தில் நிறுத்தினான். எனக்குச் சந்தோஷமாகவும் இல்லை. அவன் மேல் அன்பு வைத்திருக்கிறேன் என்று இந்த இடத்தில் எழுதினால் நன்றாக இருக்கும். அன்று அவன் தலையணையைக் கிழித்துப் பஞ்சாகப் பறக்கவிடத்தான் தோன்றியது.

சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, மனைவி கட்டில் ஓரம் உட்கார்ந்து தன் போனைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். படம், கட்டைவிரல். படம், கட்டைவிரல். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் ஏதாவது பதில் தயாராக இருந்தது.

"இந்த நீலப் பெட்ஷீட்" என்றாள். "இதை நான் துவைச்சு மடிச்சு பீரோவுல வச்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. தினம் இதுலதான் படுத்திருக்கீங்க. எனக்கு ஏங்க தெரியல?"

"நான்தான்..."

"உங்களைக் கேக்கல. என்னைக் கேட்டுக்கறேன்."

மறுபடி முதல் படத்திலிருந்து தள்ளத் தொடங்கினாள்.

நண்பன் இந்திய அணிக்காகப் போன போட்டியில் ஏழாவதாக வந்தான். அவன் ஊர் திரும்பி என்னைப் பார்க்க வந்தபோது நான் குப்புறப் படுத்திருந்ததால் அவன் செருப்பில்லாத பாதங்களை மட்டும் பார்த்தேன். இந்திய அணி பனியன் போட்டிருந்தானாம், மனைவி பிறகு சொன்னாள். பூந்தமல்லி பட்டறைக்காரர் ஒரு முறை போனில் விசாரித்தார். ஃப்ரேம் காலை அறுத்துத் தரட்டுமா, ஒரு மணி நேர வேலைதான் என்றார்.

நடந்தது இவ்வளவுதான். நான் குஷனைப் பாதியாக வெட்டி, அதில் ஏழு வாரம் உட்கார்ந்தேன். இடது பக்கம் உட்காரும் எலும்பின் மேல் புண் வந்து, எலும்புக்குள் சீழ் பிடித்தது. உடம்பு அதைப் பிரஷராக ஏற்றிச் சொன்னது. ஆஸ்பத்திரியில் எலும்பில் ஒரு துண்டை அறுத்தெடுத்து, தொடைச் சதையைத் திருப்பி வைத்துத் தைத்தார்கள். ஏழு மாதம் குப்புறப் படுத்தேன். தையல் ஒரு முறை விட்டு, மறுபடி தைத்தார்கள். இப்போது ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் உட்கார அனுமதி. எறிவதற்கு அனுமதி இல்லை.